அம்மா வெட்டத் தொடங்கிய உயரம்

ஆண்டு பத்தில் வரைபுப் பாடத்துக்கு வைத்த சோதனையில் எனக்கு ஐந்துக்கு இரண்டு கிடைத்தது. பறிபோன மூன்றுக்காக நான் அழவில்லை, சண்டை பிடித்தேன். இன்றைக்கு யாராவது அந்தத் தாளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாலும் அதே சண்டையை இன்னொரு தடவை பிடிப்பேன்.

கேள்வி ஒன்றும் கஷ்டமில்லை. ஐந்து நேர்கோடுகளை வரைந்து கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் படித்திறனையும் வெட்டுத்துண்டையும் எழுத வேண்டும். படித்திறன் என்றால், கோடு வலப்பக்கம் ஒரு கட்டம் நகரும்போது எத்தனை கட்டம் ஏறுகிறது, அல்லது இறங்குகிறது என்பது. ஏறினால் சக, அதாவது கூட்டல் குறி; இறங்கினால் சய, கழித்தல் குறி. வெட்டுத்துண்டு என்றால், நிமிர்ந்து நிற்கும் அச்சை அந்தக் கோடு எந்த உயரத்தில் வெட்டுகிறது என்பது. வெட்டுத்துண்டு ஐந்தும் எனக்குச் சரி. படித்திறனில்தான் விழுந்தேன். ஐந்து கோட்டுக்குமே சய போட்டு வைத்திருந்தேன், அதில் மூன்று ஏறுகிற கோடுகள்.

ஏன் அப்படிப் போட்டேன் என்று எனக்குத் தெரியும். நான் றப்பர் தோட்டத்துப் பிள்ளை. ருவான்வெல்லைக் கடைவீதியைத் தாண்டி ஒரு மணித்தியாலம் நடந்தால் எங்கள் லயம், தோட்டத்து வரிசை வீடுகள், வரும். அம்மா பால் வெட்டுகிறவர். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் சிரட்டை துடைக்க நானும் அவரோடு மலைக்குப் போவேன். மரத்தில் வெட்டு எப்போதும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்திருக்கும். பட்டைக்குள் பால் நரம்பு ஓடுகிற விதம் அப்படி. தாழ்ந்த முனையில் நேர்கீழாக ஒரு கீறல், அந்தக் கீறலில் ஒரு தகரக் குழாய், அதற்கடியில் சிரட்டை. பால் மேல் முனையில் ஊறத் தொடங்கிக் கீழே வந்து விழும். அதனால் எந்தக் கோட்டைப் பார்த்தாலும் என் கண் முதலில் உயர்ந்த முனைக்குத்தான் போகும். அங்கிருந்துதான் வாசிப்பேன். ஏறுகிற கோட்டையும் அதன் உச்சியில் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கணக்குச் சேரிடம் இதையே சொன்னேன். "பால் அப்படித்தானே சேர் ஓடும்?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. "கோட்டை இடமிருந்து வலமா வாசிக்கணும், எழுதுற மாதிரி" என்றார். தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "லயத்துப் பிள்ளைக்கு எந்தக் கோட்டைக் காட்டினாலும் கீழதான் போகும் போல" என்றும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை என்று பிற்காலத்தில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். அந்த வார்த்தையை நான் மன்னிக்கவில்லை. இடமிருந்து வலம் என்பது யாரோ போட்டுவைத்த ஒழுங்கு என்று விளங்கிக்கொண்டேன். பரீட்சைக்காக அதைப் பழகினேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தோட்டம் கம்பனிக்காரர் கைக்குப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. அப்பா கொழும்பில் ஒரு கடையில் நின்றார், மாதம் ஒரு தடவை வருவார். அம்மாவுக்கு அதற்கு முந்தைய வருஷம்தான் சொந்தமாக முன்னூறு மரம் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன் புல்லு வெட்டு, வாய்க்கால் தோண்டும் கான் வெட்டு என்று கொடுத்த வேலையையெல்லாம் செய்து, பதினோரு வருஷம் காத்திருந்து வாங்கிய மரங்கள். ஒவ்வொரு மரத்தின் குணமும் அவருக்குத் தெரியும். "இது சோம்பேறி, ஒன்பது மணிக்குத்தான் பால் விடும்" என்று மரத்தின் முதுகில் தட்டிச் சொல்வார். அந்த முன்னூறு மரத்தை அவருக்கு முன் வெட்டியவர் கங்காணியாக உயர்ந்துவிட்டார். எங்கள் லயத்திலேயே கடைசி வீடு அவருடையது.

பால் வெட்டில் பெரிய குற்றம் பட்டையைத் தின்பது. ஒவ்வொரு தடவையும் வெட்டு வாயில் ஒரு மெல்லிய சீவலை எடுத்தால்தான் பால் வரும். அதனால் வெட்டு நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டே போகும். தடிப்பாகச் சீவினால் பால் அதிகம் வராது, பட்டைதான் சீக்கிரம் முடியும், மரத்தின் ஆயுள் குறையும். மாதத்துக்கு முக்கால் அங்குலம் என்பது கணக்கு. அதைப் பார்த்துக்கொள்ளக் கம்பனி ஒரு புது வழக்கம் கொண்டுவந்தது. மாதக் கடைசியில் குறிப்பிட்ட சில மரங்களில், வெட்டு எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே கீறலின் ஓரமாக ஒரு சிவப்புப் பெயின்ட் புள்ளி வைப்பார்கள். நாங்கள் அவற்றைப் புள்ளி மரம் என்போம். அம்மா மரங்களை எடுத்து நாலு மாதம் கழித்துத்தான் இந்த வழக்கம் வந்தது. பெயின்ட் டின்னோடு போகும் வேலை கங்காணிக்கு.

அம்மா எடுத்துப் பதினாறாவது மாதம், கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் மலை பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. ஒரு வாரத்துக்குள் அம்மாவின் கையில் ஒரு கடிதம். கொடுத்தவர் எங்கள் பிரிவின் வெளிக்கள உத்தியோகத்தர். நாங்கள் ஐயா என்போம். அம்மாவைவிட வயதில் சின்னவர், அம்மாவை நீ என்பார்.

கடிதம் சிங்களத்தில் இருந்தது. பேச்சுச் சிங்களம் எங்கள் எல்லாருக்கும் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துக்கூட்டிப் படித்தது நான். வெட்டு நாற்பத்தெட்டு அங்குலத்தில் திறக்கப்பட்டது, இப்போது இருபத்துநாலில் நிற்கிறது. பதினாறு மாதத்தில் இருபத்துநாலு அங்குலம், அதாவது மாதத்துக்கு ஒன்றரை. அனுமதித்த அளவைப் போல் இரண்டு மடங்கு. ஆகவே மரங்கள் திரும்ப எடுக்கப்படும், தொழிலாளி புல்லு வெட்டுக்கு மாற்றப்படுவார், குற்றத்தை ஏற்றுக்கொள்வதாகக் கீழே கையெழுத்திட வேண்டும்.

மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஐயா பேனாவை நீட்டினார். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் எடுக்கிறப்பவே வெட்டு எறங்கித்தான் இருந்துச்சுங்க ஐயா."

"எவ்வளவு?"

"அளந்து பாக்கலிங்க. கையில கெடச்சதே பெருசுன்னு வெட்ட ஆரம்பிச்சேன்."

"அப்ப பேசாத. புள்ளி போட ஆரம்பிச்சப்ப முப்பத்துமூணுல நின்னுச்சு. அதுக்கு முந்தின நாலு மாசத்துல பதினஞ்சு அங்குலத்தைத் தின்னுட்டு, புள்ளியைக் கண்டதும் நல்லவளா மாறிட்ட."

கங்காணி பக்கத்தில்தான் நின்றார். செருப்பின் நுனியால் ஒரு கல்லை உருட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பிறகு ஐயாவுக்கு விளங்கவில்லை என்ற பேச்சே வரக்கூடாது என்று, "மம அத்சன் கரன்னே நே மாத்தயா" என்று சிங்களத்தில் சொன்னார். கையெழுத்துப் போட மாட்டேன். ஐயா நாளை மறுநாள் வரை தவணை கொடுத்தார். அன்றைக்கும் போடாவிட்டால் பெயரையே வெட்டிவிடுவாராம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். "கங்காணிதான் வெட்டுனாருன்னு ஏன் சொல்லல?"

"செக்ரோல் அவங்க கையிலதான் இருக்கு. எவன் எந்த மாசம் எந்த மரத்துல நின்னான்னு அதுல எழுதியிருக்கு. அவங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப் போறேன்?" அரிசியில் கல் பொறுக்குவதை அவர் நிறுத்தவில்லை. "ஒருத்தன காட்டிக் குடுத்துத்தான் நான் நல்லவளா ஆகணுமா? நான் எவ்வளவு வெட்டுனேன்னு மட்டும் கேக்கட்டும். அதுக்குப் பதில் இருக்கு."

பதில் எங்கே இருக்கிறது? அவர் கையில் இருந்தது. பதினாறு மாதமாக ஒரே கனத்தில் சீவிய கை. ஆனால் ஒரு கையைக் கொண்டுபோய்ப் பெரட்டுக்களத்தில் அத்தாட்சியாக வைக்க முடியாது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் அம்மாவின் மேலா, ஐயாவின் மேலா, சேரின் மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. எல்லாம் ஒரே கோபமாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மாவின் தையல் நாடாவையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினேன். பாதையோரத்து முதல் புள்ளி மரத்தின் முன் குந்தினேன். அடியில் ஒட்டுக் கட்டிய தழும்பு இருக்கும், உயரத்தை அங்கிருந்துதான் அளப்பார்கள். பாதிப் புள்ளிகள் பட்டையோடு பொரிந்து போயிருந்தன. மிஞ்சியவற்றை அளந்தேன். எந்தப் புள்ளி எந்த மாதம் என்பதற்குக் குழப்பமில்லை, பக்கத்தில் மாத எண்ணையும் கீறி வைத்திருந்தார்கள். அம்மா எடுத்து நாலாம் மாதம் முப்பத்துமூன்று. எட்டாம் மாதம் முப்பது. பதினோராம் மாதம் இருபத்தேழே முக்கால். பதின்மூன்றில் கொஞ்சம் பிசகியிருந்தது, கால் அங்குலம் கூடுதல். பதினாறாம் மாதம், அதாவது அன்றைக்கு வெட்டு நின்ற இடம், இருபத்துநாலு.

வீட்டில் வரைபுத்தாளை விரித்தேன். கிடை அச்சில் மாதம், நிலை அச்சில் உயரம். புள்ளிகளை வைத்து, கோடு போடும் அடிமட்டத்தைப் பொருத்தினேன். பிசகிய ஒன்றைத் தவிர எல்லாம் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. நாலாம் மாதத்திலிருந்து பதினாறாம் மாதம் வரை வலப்பக்கம் பன்னிரண்டு கட்டம், கீழ்ப்பக்கம் ஒன்பது கட்டம். பன்னிரண்டுக்கு ஒன்பது என்றால் முக்கால். படித்திறன் சய முக்கால். மாதத்துக்கு முக்கால் அங்குலம், மயிரிழை கூடவில்லை. இந்த முறை கோடு நிஜமாகவே கீழேதான் போனது. சேர் வேண்டுமானால் வந்து திருத்திப் பார்க்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மிச்சம் இருந்தது அந்த முதல் நாலு மாதம். அங்கே புள்ளி கிடையாது. ஐயா அம்மாவைப் பிடித்துவைத்திருந்ததும் அந்த வெற்றிடத்தில்தான். அடிமட்டத்தை அசைக்காமல் கோட்டை இடப்பக்கமாக நீட்டினேன். மாதம் பூச்சியத்தில், நிலை அச்சை அது முப்பத்தாறில் வெட்டியது.

நாற்பத்தெட்டில் அல்ல, முப்பத்தாறில். படித்திறன் அம்மாவுடையது, வெட்டுத்துண்டு அம்மாவுடையது அல்ல. வேறொருவர் பன்னிரண்டு அங்குலத்தைத் தின்றுவிட்டுக் கொடுத்த மரத்தை, முதல் நாளிலிருந்து தான் தின்றதாக ஒப்புக்கொள்ளச் சொல்லி அம்மாவிடம் பேனாவை நீட்டியிருந்தார்கள். நான் கொப்பியை மூடினேன்.

தவணை நாள் அம்மாவின் வெட்டு நாள். வழக்கம் போல விடியலிலேயே போய் வெட்டிக்கொண்டிருந்தார். நானும் கூடப் போனேன். ஒன்பது மணிக்கு, நான் அளந்த பாதையோர மரத்தடிக்கு ஐயா வந்தார். மாதப் புள்ளி வைக்கக் கங்காணியும் டின்னும் பிரஷுமாகப் பின்னால் வந்தார். ஐயா கடிதத்தை எடுப்பதற்குள் நான் வரைபுத்தாளை நீட்டினேன். அளந்ததையும் இழுத்ததையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவர் முழுக்கக் கேட்டார், அதைச் சொல்லியாக வேண்டும். பிறகு புள்ளியில்லாத பக்கத்தில் விரலை வைத்தார். "இந்தக் கோட்டை நீதானே இழுத்த?"

"ஓமுங்க ஐயா."

"மரம் இழுக்கல்ல. நீ இழுத்த."

"அப்ப ஐயா சொல்ற கோட்டையும் இழுத்துப் பாப்பம்" என்றேன். நாற்பத்தெட்டில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து நாலாம் மாதத்து முப்பத்துமூன்றுக்கு ஒரு கோடு போட்டேன். கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுந்தது. "நாலு மாசத்துல அம்பது வெட்டு வருமுங்க. பதினஞ்சு அங்குலத்துக்கு, ஒரு வெட்டுக்குக் கால் அங்குலத்துக்கு மேல சீவியிருக்கணும்."

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "கால் அங்குலம் சீவினா அது சீவலு இல்லீங்க, வெறகு. மூட்டையா கட்டி லயத்துக்குச் சொமந்திருப்பேன்."

ஐயாவின் முகம் கறுத்தது. வரைபுத்தாளைத் திருப்பித் தந்தார். "இந்த மரத்த நீ ரெண்டு நாளா தடவிக்கிட்டிருக்க. நான் சொல்ற மரத்துல காட்டு பாப்பம்." சரிவில் இறங்கிப் போய், ஓடைப் பக்கமாக நின்ற ஒரு புள்ளி மரத்தைக் காட்டினார். நான் அந்த மரத்தின் பக்கமே போனதில்லை.

அந்த மரத்தில் மூன்றே மூன்று புள்ளிகள் மிஞ்சியிருந்தன. ஐந்தாம் மாதம் முப்பத்துமூன்று, ஒன்பதாம் மாதம் முப்பது, பதின்மூன்றாம் மாதம் இருபத்தேழு. அளந்ததை ஐயாவே நாடாவைப் பிடித்துச் சரிபார்த்தார். முழங்காலில் கொப்பியை வைத்து மூன்று புள்ளியும் வைத்தேன். நாலு மாதத்துக்கு மூன்று அங்குலம், அதே முக்கால். கோட்டைப் பின்னால் நீட்டினேன். முப்பத்தேழுக்குக் கால் அங்குலம் குறைவாக வந்து வெட்டியது. அதே கோடுதான், முக்கால் அங்குலம் மேலே தள்ளி நின்றது. வேறு மரம், வேறு ஆரம்பம், கை ஒன்றே.

"இதையும் நீதான் இழுத்த" என்றார் ஐயா. ஆனால் குரலில் முந்தைய பிடி இல்லை.

அம்மா கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். "எத்தனைன்னு சொன்ன புள்ள?"

"முப்பத்தாறே முக்கால்."

நாடாவைத் தழும்பில் வைத்து மேலே இழுத்து, முப்பத்தாறே முக்காலில் பெருவிரலை அழுத்திக்கொண்டார். வெட்டிய இடத்தில் மரம் புதுப் பட்டை கட்டும், வெட்டினவனின் கையை அந்தப் பட்டை மறக்காது. கத்தி ஆழமாகப் போய் மரத்தைக் காயப்படுத்தினால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். அம்மாவின் விரலுக்குக் கீழே பட்டை வழவழவென்று இறங்கியது. விரலுக்கு மேலே, நாற்பத்தெட்டு வரைக்கும், பெரியம்மை கண்ட முகம் மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே கையால் தடவினாலே தெரிகிற எல்லை. ஒரு அங்குலம் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அந்த எல்லையைப் பார்க்காமலே நான் தாளில் இழுத்த இடத்தில் அது இருந்தது.

"தடவிப் பாருங்க ஐயா" என்றார் அம்மா.

ஐயா தடவினார். கீழிருந்து மேலே ஒரு தடவை, மேலிருந்து கீழே ஒரு தடவை. முதலில் பார்த்த பாதையோர மரத்துக்குத் தானாகவே ஏறிப்போய், அங்கே முப்பத்தாறிலும் தடவினார். திரும்பி வந்து, "அப்ப மேல வெட்டினது யாரு?" என்று கேட்டார்.

கங்காணியின் கையில் பெயின்ட் டின்னின் கைப்பிடி கிரீச்சிட்டது. சொல்லம்மா, சொல்லு என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டேன்.

"அதக் கேக்க வேண்டிய ஆளு நான் இல்லீங்க. செக்ரோலைப் பொரட்டுங்க. நான் வெட்டுனதுக்கு நான் பதில் சொல்லிட்டேன்."

ஐயா கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மன்னிப்பா? அந்த வார்த்தை அவருக்கு எந்தப் பாஷையிலும் வராது. "சரி, போய் வேலையப் பாரு" என்று திரும்பினார். எனக்கு அதுவே போதும் போலிருந்தது. அம்மாவுக்குப் போதவில்லை.

"ஐயா."

அவர் நின்றார்.

"நாளைக்கு இன்னொரு ஐயா வருவாரு. அவரும் நாப்பத்தெட்டுலருந்துதான் கணக்குப் பாப்பாரு. அப்ப இந்தப் புள்ள எங்க படிச்சிக்கிட்டிருக்குமோ தெரியாது." விரலை அதே இடத்தில் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தார். நுனி வெளுத்திருந்தது. "நான் ஆரம்பிச்ச எடத்துல ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்க. எல்லாப் புள்ளி மரத்துலயும். வைக்காம நான் கத்தியையும் தொட மாட்டேன், பால் வாளியையும் தொட மாட்டேன்."

மலையில் அத்தனை மரத்தில் சிரட்டைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. பாலை நேரத்துக்கு எடுக்காவிட்டால் உறைந்துவிடும். அது அம்மாவுக்கும் தெரியும், ஐயாவுக்கும் தெரியும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கங்காணியைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

கங்காணி சரிவில் இறங்கி வந்தார். டின்னைத் தரையில் வைத்து, பிரஷைத் தோய்த்து, நிமிர்ந்தார். அம்மா விரலை எடுத்துவிட்டு ஒரு அடி விலகி நின்று, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரஷ் கொஞ்ச நேரம் பட்டைக்கு முன்னால் அசையாமல் நின்றது. தன் முடிச்சுகள் முடிந்து அம்மாவின் வழவழப்புத் தொடங்குகிற இடத்தில், கங்காணி தன் கையாலேயே அந்தச் சிவப்புப் புள்ளியை வைத்தார்.

அம்மா இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்.